கோபாலுக்கு எப்போது ரிட்டயர்மென்ட்?

2020 ஏப்ரல். கொரோனாவால் வேலை இழந்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில் உதவித்தொகைக்கு மொத்தமாக விண்ணப்பிக்க, 40 வருடத்துக்கும் மேல் பழசான அரசு கம்ப்யூட்டர் சிஸ்டம் திணறியது. டாக்டர், நர்ஸ்களைச் சேவைக்கு அழைத்த கவர்னர் ஃபில் மர்ஃபி, கூடவே இன்னொரு தரப்பையும் அழைத்தார்... 'கோபால்' தெரிந்த புரோகிராமர்கள்!

கோபால், பக்கத்து வீட்டு மாமா இல்லை. 1959-ல் உருவாக ஆரம்பித்த கம்ப்யூட்டர் மொழி. உலகின் பல பெரிய வங்கிகளின் கணக்கு வழக்கு இன்றும் இதில்தான் ஓடுகிறது. அதை எழுதியவர்களில் பலர் ரிட்டயர் ஆகி, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

'மெஷினையே விட்டு ஜாவாவுக்கு மாற்றிவிடலாமே?' என்று தோன்றும். அதற்கான டூல்கள் பல வருடங்களாகவே இருக்கின்றன. ஆரம்பகால டூல்கள் வரிக்கு வரி மாற்றித் தள்ளின. கிடைத்தது, ஜாவா வேஷம் போட்ட கோபால். ஐ.டி. ஆட்கள் அதற்கு வைத்த கிண்டல் பெயர், 'ஜோபால்'!

இன்னொரு வம்பு, பைசா கணக்கு. கோபால் பணத்தை நாம் நோட்டில் கணக்குப் போடுவதுபோல தசமத்திலேயே கூட்டும். ஜாவாவில் சாதாரண புள்ளி எண்களாக 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள்... 0.30000000000000004 என்று வரும். ஜாவாவிலும் சரியாகக் கூட்ட வழி உண்டு. ஆனால் மாற்றும் டூல் அதைக் கவனித்துச் செய்ய வேண்டும். இல்லையென்றால், லட்சக்கணக்கான கணக்குகளுக்கு வட்டி போடும்போது எங்கோ ஒரு பைசா இடிக்கும்.

வங்கிகள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 2018-ல் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி புது சிஸ்டத்துக்கு மாறியபோது, லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்கைத் திறக்கவே முடியாமல் தவித்தார்கள். 2022-ல் அந்த வங்கிக்கு விழுந்த அபராதம் சுமார் 4.86 கோடி பவுண்டு!

இப்போது ஏ.ஐ. வந்திருக்கிறது. கோபாலை ஜாவாவாக்கும் ஏ.ஐ. டூலை 2023-ல் ஐ.பி.எம். அறிவித்தது. என்னைக் கேட்டால், இந்த டூல்கள் மாற்றித் தருவதைவிட, பழைய புரோகிராம் என்ன செய்கிறது என்று விளக்கிச் சொல்வதுதான் பெரிய உதவி. ஆனால் என்றோ ஒருநாள் யாரோ ஒரு வரியை ஏன் சேர்த்தார் என்பது புரோகிராமில் இருக்காதே! அதனால்தான் பழசையும் புதுசையும் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். அந்த 'ஏன்' தெரிந்த சீனியரிடம், அவர் ரிட்டயர் ஆவதற்குள் கேட்டும் வைக்க வேண்டும்.

சென்னையிலும் 'ஒய்2கே' சமயத்தில் கோபால் படித்து வேலைக்குப் போனவர்கள் நிறைய. உங்கள் வீட்டுப் பெரியப்பாவும் அதில் ஒருவராக இருக்கலாம். கேட்டுப் பாருங்களேன்!