எல்லையும் நிறைவும்

“போதும்” என்னும் சொல்லைப் போல ஐயத்திற்கிடமான சொல் தமிழில் பிறிதொன்றில்லை என்பது என் கருத்து. உண்டு நிறைந்தவன் வாயிலும் அது வரும். கேட்டுச் சலித்தவன் வாயிலும் அது வரும். பிறர்க்குக் கொடுக்க மனமில்லாதவன் வாயிலோ எல்லோர்க்கும் முன்னே வரும். ஆதலின், வாழ்வின் எல்லைக்குள் நின்று மனநிறைவு காண்டல் நன்று என ஒருவர் உரைக்குங்கால், உரைப்பவர் யார், யார்க்கு உரைக்கின்றார் என்பதனை முதற்கண் உசாவுதல் வேண்டும். ஆங்கில நாட்டு ரொமாண்டிக் கவிஞரைப் பயிலும் மாணாக்கரும் சங்கச் செய்யுளைப் பயிலும் மாணாக்கரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருக்கும் இக்கல்லூரியில், இவ்வுசாவல் இருசாரார்க்கும் பொதுவாகும்.

வோர்ட்ஸ்வொர்த் என்பார் 1807-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியில் இப்பொருள் பற்றிய சானெட் ஒன்றுண்டு. கன்னிமடத்துப் பெண்டிர், தனியிடத்துத் துறவி, நூலறையில் அமர்ந்த மாணாக்கன், இராட்டினத்தின் முன் இருக்கும் நங்கை, தறியில் நெய்வோன் ஆகிய இவரையெல்லாம் வரிசையாக நிறுத்தி, ஒடுங்கிய இடம் இவர்க்குத் துன்பமாகவில்லை என்று காட்டுகின்றார் புலவர். பின்னர், பதினான்கே அடிகளாகிய அச்சிறு நிலம் தமக்கும் அவ்வாறே இன்பந் தந்ததென்றும், கட்டற்ற உரிமையின் சுமையால் இளைத்தோர் ஆங்குச் சற்றே ஆறுதல் பெறுவாராயின் தமக்கு மகிழ்ச்சியென்றும் முடிக்கின்றார். உரிமையும் ஒரு சுமையாகும் என்னும் கருத்து வியத்தற்குரியது. அதனினும் வியத்தற்குரியது, அக்கருத்தைக் கூறும் பாட்டுத் தானும் அக்கட்டிற்குள் அடங்கி நிற்றல்.

இதனை வெண்பாவறிந்த நமக்கு விரித்துரைத்தல் வேண்டா. ஏழே சீர், வெண்டளை பிறழலாகாது, ஈற்றடி முச்சீராய் நிற்றல் வேண்டும், இறுதிச் சீரோ நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றனைப் பற்றியே முடிதல் வேண்டும். இத்துணைக் கட்டுக்களையும் தாமே விரும்பித் தலைமேற்கொண்டு 1330 முறை அவ்வேலிக்குள் புகுந்து வெளிவந்தவர் வள்ளுவர். குறுந்தொகைப் புலவர்க்கு நான்கடி முதல் எட்டடியளவே இடமுண்டு. ஒரு மலைச்சாரலும், ஒரு மழையிரவும், பிரிந்தோன் ஒருவனும், உறங்காதாள் ஒருத்தியும் அவ்விடத்திலே நெருக்கமின்றி வாழ்கின்றனர். பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரை விரிந்த அகநானூறு நன்றன்றோ எனின், நன்றே; எனினும், நீண்ட வீட்டில் வாழ்வோன் எல்லா அறைகளிலும் விளக்கேற்றல் வேண்டுமென்பதை மறத்தலாகாது. வெண்பா யாக்கப் புகுந்து தளை தட்டி வருந்தும் என் வகுப்புத் தோழர் யாப்பினைச் சிறையென்று பழிக்கின்றனர். அவர் பழிப்பிற் சிறிது நியாயமுண்டு. சிறையை இல்லமாக்கிக் கொள்ளுதற்கு நெடுநாட் பழக்கம் வேண்டும்.

நிற்க. வோர்ட்ஸ்வொர்த்தின் வரிசையை மீண்டும் நோக்குமின். கன்னியர் மடத்தைத் தாமே தேர்ந்தனர். துறவி தன் குடிலைத் தேர்ந்தான். மாணாக்கன் நூலறையைத் தேர்ந்தான் (தேர்வு நெருங்குங்கால் அதுவும் ஐயமே). நெய்வோன் தன் தறியைத் தேர்ந்தானோ? தாமே புகுந்த சிறை சிறையன்று என்பதே புலவர் கூறும் காரணமாயின், பிறரால் புகுத்தப்பட்டோனை அவ்வரிசையில் நிறுத்தியது பொருந்துமாறு யாங்ஙனம்? அச்சானெட் வெளிவந்த ஐந்தாம் ஆண்டிலே, 1812 பிப்ரவரி 27-ஆம் நாள், மற்றொரு ரொமாண்டிக் கவிஞராகிய பைரன், பிரபுக்கள் சபையில் தம் கன்னிப்பேச்சினை நிகழ்த்தினார். நாட்டிங்காம் பகுதித் தொழிலாளர் வறுமை தாங்காது தறிச்சட்டங்களை உடைத்தனர். உடைத்தார்க்குத் தூக்குத்தண்டனை விதிக்கும் மசோதாவொன்று சபைமுன் வந்தது. அதனை எதிர்த்து அவர் பேசினார். மசோதா நிறைவேறியது. ஆயினும், நெய்வோன் தறியில் மகிழ்ந்திருக்கின்றான் என்னும் பாட்டிற்கு அப்பேச்சே தக்க மறுமொழியென்று யான் கருதுகின்றேன். ஒரே காலத்தவர், ஒரே மொழியினர். ஒருவர் எல்லையின் இனிமையைக் கண்டார், மற்றவர் அதன் கொடுமையைக் கண்டார்.

ஆகவே எல்லைகள் இருதிறத்தன என்று கொள்ளல் வேண்டும். மனிதன் முயன்றால் விலக்கக்கூடியன ஒருதிறம். விலக்கவொண்ணாதன மற்றொரு திறம். சாக்காடு இரண்டாவதன் தலையாயது. கீட்ஸ் என்னும் இளங்கவிஞர் 1818-ல் தம் தம்பியைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். 1819 செப்டம்பரில் இலையுதிர் பருவத்தைப் பற்றித் தம் புகழ்பெற்ற பாட்டினை எழுதினார். 1821-ல் அந்நோய்க்கே இரையாகி உரோம் நகரில் இருபத்தைந்தாம் வயதில் மறைந்தார். அப்பாட்டில் அவர் வேனிலை வேண்டி அழவில்லை. முதிர்ந்த பருவத்திற்கும் தனக்கென ஓர் இசையுண்டு என்று செவிகொடுத்துக் கேட்கின்றார்.

இதனைப் படிக்குந்தோறும் எம் தருமபுரியே என் நினைவிற்கு வருகின்றது. பண்டைத் தகடூரே இன்றைத் தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி, ஏறுதற்கரிய மலைப்பிளவிலிருந்து கிடைத்த நெல்லிக்கனியை ஒளவைக்கு ஈந்த வரலாற்றைப் புறநானூற்றின் 91-ஆம் பாட்டால் அறிகின்றோம். (ஆத்திசூடி பாடிய ஒளவையார் பிற்காலத்தவர், இருவரையும் ஒருவராக்கிப் பேசுதல் மேடைகளில் இன்னும் ஓயவில்லை.) கதையாகக் கேட்போர் அதியனது கொடையையே வியப்பர். யானோ அவனது மௌனத்தை வியக்கின்றேன். உண்டாரை நெடிது வாழ்விக்கும் கனியென்பதனை அவன் உள்ளத்தடக்கி, உரையாமலே கொடுத்தான். உரைத்திருப்பின் ஒளவை உண்டிரார். தன் வாழ்நாளின் எல்லையை நீட்டிக்கும் வாய்ப்புத் தன் கையகத்தே இருக்கவும், எல்லையோடு வாழத் துணிந்தவன் அவன். இதுவே நிறைவு, இல்லாமையாற் போந்த நிறைவன்று, இருந்தும் வேண்டாமையாற் போந்தது. ஆயின் அவனை வாளா இருந்த மன்னனென்று கொள்ளற்க. ஒளவையைத் தொண்டைமானிடம் தூதுவிட்டவனும், போர்க்களத்திற் புண்பட்டு நின்றவனும் அவனே. நிறைவுடையான் முயற்சியற்றவன் என்பார்க்கு அவன் வரலாறே விடை.

இன்னொருவரையும் ஈண்டுக் குறித்தல் தகும். 1792-ல் பாராமகால் கும்பினியார் கைப்பட்டபொழுது, அலெக்சாண்டர் ரீட் என்பாரின் துணைவருள் ஒருவராக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார். தருமபுரியில் தோட்டமமைத்து அதில் மகிழ்ந்தார். கன்னடக் கரைக்கு மாற்றப்பட்டபோது பிரிவிற்கு வருந்தினார். ஒரு சிறு தோட்டத்தால் நிறைவெய்திய அவரே, பின்னர்க் கடப்பை பல்லாரிப் பகுதிகளில் குடியானவர் நிலவரி மிகையென்று கண்டு, அதனை நூற்றுக்கு 25 வீதம் குறைக்குமாறு 1807-ல் மேலிடத்திற்கு எழுதினார். வோர்ட்ஸ்வொர்த்தின் சானெட் அச்சேறிய அதே ஆண்டு! தம் தோட்டத்தளவில் ‘போதும்’ என்றவர், உழவன் மீதிருந்த சுமையளவில் ‘போதும்’ என்று வேறு பொருளில் கூறினார். அவர் கும்பினியின் வரிதண்டும் அதிகாரி என்பதையும் யான் மறந்திலேன்.

இவ்வேறுபாடு எம்மாவட்டத்தார்க்கு வெறும் இலக்கியச் சர்ச்சையன்று. இந்நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அந்நீரையே தலைமுறை தலைமுறையாகப் பருகியோர் பலர்க்குப் பற்கள் பழுப்பேறின. சிலர்க்கு எலும்பும் மூட்டும் இறுகி நடை தளர்ந்தது. “நம் மண்ணின் நீர் இவ்வளவே” என்று நாங்கள் நிறைவுகொண்டிருத்தல் வேண்டுமோ? அவ்வாறு எண்ணாதோர் பல்லாண்டு வற்புறுத்தியதன் பயனாகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு எழுந்து 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி எம் எல்லையிலே ஓடிக்கொண்டிருந்தது. நீர் குடத்திற்கு வாராமை இயற்கையின் எல்லையன்று. பஞ்ச காலத்தில் கேழ்வரகும் விளையாத புன்செயை விட்டுப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் செல்லும் குடும்பத்தை நோக்கி, ‘உள்ளது போதுமென்று இருமின்’ எனல், உண்டவன் பசித்தவனுக்குச் செரிமானத்தைப் பற்றி உரைப்பதனோடு ஒக்கும். கவிஞரை அதற்குச் சான்று காட்டுவோர் கவிஞரைப் பிழைபடப் பயின்றவராவர்.

ஆயின், நீர் வந்தபின்னும், வயிறு நிறைந்தபின்னும், பட்டம் பெற்று அலுவலில் அமர்ந்தபின்னும் எஞ்சி நிற்கும் எல்லை ஒன்றுண்டே, அதனை என் செய்வது? அங்கேதான் புலவர் வேண்டப்படுகின்றார். அதியமான் மாய்ந்தபின் ஒளவை பாடிய கையறுநிலைப் பாட்டுக்களை யான் அதன்பொருட்டே மீண்டும் மீண்டும் படிக்கின்றேன். கள் சிறிதாயின் எமக்கே தருவான், பெரிதாயின் எம்மொடு பகிர்ந்து மகிழ்வான் என்று 235-ஆம் பாட்டில் அவர் கணக்கிடுவன யாவும் சிறிய பொருள்களே: கள், சோறு, அவன் கை தம் தலையைத் தடவிய செய்கை. 232-ஆம் பாட்டிலோ, மலையொடு கூடிய நாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன், நடுகல்லின் முன் சிறு கலத்தால் உகுக்கும் கள்ளினைக் கொள்வானோ என்று வினவுகின்றார். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இப்பகுதியின் நடுகற்கள் பல வைக்கப்பட்டுள்ளன. பிற்காலத்துப் பெயரறியா வீரர்தம் கற்கள் அவை. வில்லும் வாளும் ஏந்திய உருவங்கள், ஆளுயரத்தினுங் குறுகிய பலகைகளில், விளிம்பு தாண்டாமற் செதுக்கப்பட்டு நிற்கின்றன.