திரைக்கே முதல் செலவு

புகைப்படங்களைத் திருத்துவதற்கென்று வீட்டிலேயே ஒரு கணினியைச் சேர்த்துக் கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'எந்த புராசஸர்?' என்பதுதான். அடுத்தது, 'கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜி.பி.?' சென்னை ரிச்சி தெருக் கடைக்காரரும் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே விலைப்பட்டியல் எழுதித் தருவார். மானிட்டர் பட்டியலின் கடைசியில், மிஞ்சிய பணத்துக்குத் தக்கபடி வந்து நிற்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி.

செயலி மெதுவானதென்றால் நாம் காத்திருக்கிறோம். படத்துக்கு ஒன்றும் நேர்வதில்லை. திரை பொய் சொன்னால் படமே கெடுகிறது, அதுவும் நாம் அறியாமல். கடையிலிருந்து வரும் திரைகளில் பல கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடும் சற்றே நீலம் பாய்ந்தும் இருக்கும். இரவில், மங்கிய அறையில் அதன்முன் அமர்ந்து திருத்துபவர் படத்தின் ஒளியைக் குறைத்துக்கொண்டே போகிறார். நீலத்தை ஈடுகட்ட மஞ்சளை ஏற்றுகிறார். அச்சாகி வந்த படம் இருண்டு, மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. பழி அச்சிட்டவர் தலையில் விழுகிறது. அச்சுக்காகத் திருத்துவோர் திரையின் ஒளியைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரையிலும், வெண்மையை 6500 கெல்வினை ஒட்டியும் வைத்துக்கொள்வது இதனால்தான்.

நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களை எண்ணிப் பாருங்கள். மாநிறமும் கருநிறமும் கொண்ட முகங்களின் உயிர், இருளுக்கும் நடுவெளிச்சத்துக்கும் இடைப்பட்ட நுண்ணிய படிகளில் இருக்கிறது. மலிவான டி.என். வகைத் திரையில் தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ அந்தப் படிகள் மாறிவிடும். முகம் தெரியவில்லையே என்று நிழலை ஏற்றுகிறார் திருத்துபவர். பாட்டியின் முகம் சாம்பல் பூத்துப்போகிறது. (வேண்டுமென்றே எல்லோரையும் வெளுத்துத் தள்ளுவது வேறு நோய். அதற்குக் கணினிக் கடையில் மருந்தில்லை.) ஃபிலிம் காலத்தில் இதற்கொரு முன்கதை உண்டு. அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவளுடைய தோலுக்குப் பொருந்தும்படி நிறத்தை அமைத்தார்கள். கரிய தோல் அந்தக் கணக்கில் வரவில்லை. இன்று அளவுகோல் நம் மேசைமேல் இருக்கிறது. அதையும் கோணலாக வாங்கி வைத்துக்கொள்வானேன்?

ஆகவே ஐ.பி.எஸ். வகைத் திரை, எஸ்ஆர்ஜிபி நிறவெளியை ஏறக்குறைய முழுவதும் காட்டுவது. விவரத்தாளில் '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எஸ்ஆர்ஜிபி என்பது அந்தக் கணக்கில் 72 சதவீதம்; மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறம் அங்கேயே காணாமற் போகிறது. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி வெளி இதைவிட அகலமானது. ஆனால் சொந்தமாக உயர்தர இங்க்ஜெட் அச்சு எடுப்பவர்களுக்கே அது பயன்படும். ஆல்பம் அச்சிடும் கூடங்களில் பெரும்பாலானவை கேட்பது எஸ்ஆர்ஜிபிதான். இதனோடு திரையில் ஒட்டி நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் ஒன்றும் வேண்டும். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்; மாதம் ஒருமுறை கைமாற்றிக்கொள்ளலாம்.

மற்றவற்றில் அதிகம் மயங்க வேண்டியதில்லை. ராம் 32 ஜி.பி. இருந்தால் நிம்மதி. 2025இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் அள்ளிக்கொண்டதில் ராம் விலை ஏறிவிட்டது. முடியாவிட்டால் 16இல் தொடங்கி, பின்னால் சேர்க்க இடமுள்ள மதர்போர்டை எடுக்கலாம். செயலி நடுத்தரமானதே போதும். கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம் என்று சில ஆண்டுகளுக்குமுன் துணிந்து சொல்லியிருக்கலாம். 2023இல் லைட்ரூமில் செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தின் புள்ளிக் குறைகளை நீக்கும் வசதி வந்தபின் அப்படிச் சொல்ல முடியாது. அந்த வேலை முழுவதும் கார்டின் தலையில்தான் விழுகிறது. அரையிருட்டு மண்டபங்களில் படமெடுப்பவர் 8 ஜி.பி. நினைவகமுள்ள நடுத்தரக் கார்டு ஒன்று வாங்குவது நியாயம். பகல் வெளிச்சத்தில் பறவைகளையும் கோபுரங்களையும் எடுப்பவருக்கு அந்தப் பணம் மானிட்டருக்குப் போகட்டும்.

சேமிப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 24 மெகாபிக்சல் கேமராவின் 'ரா' கோப்பு ஒவ்வொன்றும் 25 எம்.பி.யைத் தாண்டுவது சாதாரணம்; ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் என்றால் 50 ஜி.பி. போய்விடும். நடப்பு வேலைக்கு ஓர் எஸ்.எஸ்.டி., பழையவற்றுக்கு ஹார்ட் டிஸ்க். இரண்டு ஹார்ட் டிஸ்குகளை ரெய்டு முறையில் இணைத்துவிட்டுப் பிரதி இருக்கிறதென்று நிம்மதியாக உறங்குவோர் உண்டு. கைதவறி அழித்தது அங்கே இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய கணக்கு நல்லது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. அந்த மூன்றாவது, ஊரிலிருக்கும் அண்ணன் வீட்டு அலமாரியில் இருந்தாலும் சரிதான். நம் மின்சாரத்தை எண்ணி யு.பி.எஸ். ஒன்றும் பட்டியலில் சேரட்டும்.

மானிட்டரைச் சன்னலுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். பின்சுவர் கிளிப்பச்சையாகவோ ரோஜா நிறமாகவோ இருந்தால் ஒரு சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிடலாம். வீட்டில் கேலி செய்வார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.