காய்த்துப்போன கைகளில் ராஜ வம்சம்!

மரக்காணம் உப்பளம். பாத்தி பாத்தியாக உப்பு நீர். வெயில் ஏற ஏற நீர் வற்றுகிறது. வெள்ளை வெளேர் என்று உப்பு விளைகிறது. ஆண்களும் பெண்களும் அதைப் பலகையால் வாரிக் குவிக்கிறார்கள். உப்பு நீரில் நின்று நின்று கால் வெடிக்கிறது. கை காய்த்துப்போகிறது.

இந்த உப்புக்கும் ஒரு ராஜ வம்சத்துக்கும் தொடர்பு உண்டு என்றால், பலர் சிரிப்பார்கள். ஆனால் உண்டு. பைபிளிலேயே இருக்கிறது!

உப்பு உடன்படிக்கை

தாவீது, யூதர்களின் புகழ்பெற்ற ராஜா. சுமார் 3 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவருடைய கொள்ளுப்பேரன் அபியா காலத்தில் நாடு இரண்டாக உடைந்து கிடந்தது. பிரிந்துபோனவர்கள் படை திரட்டி எதிரே நின்றார்கள். அபியா மலைமேல் ஏறி நின்று கூவினார். தாவீதுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் கடவுள் அரசுரிமையை உப்பு உடன்படிக்கையாகக் கொடுத்திருக்கிறார் என்றார்.

உப்பு கெடாது. மற்றதையும் கெடவிடாது. ஆகவே அது அழியாத ஒப்பந்தம். உப்பிட்டவரை மறக்கக்கூடாது என்று நம் பாட்டிமார் சொல்லுவதும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் சிம்மாசனம் அழிந்துவிட்டது! கி.மு. 586-ம் ஆண்டு வாக்கில் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைத் தரைமட்டமாக்கினான். அதற்கு முன்பே, கி.மு. 597-ல் யோயாக்கீன் என்ற ராஜாவைச் சிறைபிடித்துப் போயிருந்தான். அந்த ராஜாவுக்கும் அவருடைய 5 பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு, பாபிலோனில் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. யூதர்கள் ஒருவரை ராஜாவாக்கும்போது தலையில் எண்ணெய் வார்ப்பார்கள். 'மெசியா' என்ற சொல்லுக்கே எண்ணெய் வார்க்கப்பட்டவர் என்றுதான் பொருள். அந்த வம்சத்து ராஜா அன்னிய ஊரில் எண்ணெய்க்குக் கையேந்தி நின்றார்!

அந்தத் துயரத்தில்தான், தாவீது வம்சத்தில் ஒரு மெசியா வருவார் என்ற நம்பிக்கை மேலும் வேர் பிடித்தது. ஏசுநாதரே அவர் என்கிறார்கள் கிறிஸ்தவர்கள். இன்னும் வரவில்லை என்கிறார்கள் யூதர்கள்.

யார் யார் பெயர்?

மத்தேயு தம் நூலை ஏசுநாதரின் வம்ச வரலாற்றோடுதான் தொடங்குகிறார். ஆபிரகாம் முதல் தாவீது வரை 14 தலைமுறை. பிறகு பாபிலோன் சிறை வரை 14. அப்புறம் ஏசுநாதர் வரை 14. (லூக்கா எழுதிய பட்டியல் வேறு வழியில் போகிறது. மத்தேயு சாலமோன் வழியாக வருகிறார். லூக்கா சாலமோனின் சகோதரர் நாத்தான் வழியாகப் போகிறார். அந்தச் சண்டையை அறிஞர்களுக்கு விட்டுவிடலாம்.)

கவனிக்க வேண்டியது பெண்களின் பெயர்கள். ராகாப் எரிகோ நகரத்து விலைமாது. ரூத் மோவாப் நாட்டு விதவை. மோவாபியரைச் சபையில் சேர்க்கக்கூடாது என்று சட்டமே இருந்தது. அவள் பிழைப்புக்காக அடுத்தவர் வயலில் சிந்திய கதிர் பொறுக்கினாள். அவள்தான் தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டி!

சாலமோனின் தாய் பெயர் பத்சேபாள். மத்தேயு அந்தப் பெயரை எழுதவில்லை. 'உரியாவின் மனைவி' என்று எழுதுகிறார். உரியா யார்? அவன் மனைவியை அடைவதற்காகத் தாவீது போர்முனையில் கொல்லச் செய்த வீரன். செத்தவன் பெயர் பட்டியலில் நிற்கிறது. கொன்ற ராஜாவின் மானமும் அங்கேயே போகிறது.

அரண்மனைப் புலவர் யாராவது இப்படி எழுதுவாரா? ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் வம்சத்தைச் சூரியனில் தொடங்குகின்றன. சிபி முதலிய பெரிய பெயர்கள் வரிசையாக வருகின்றன. கதிர் பொறுக்கிய பாட்டிக்கு அங்கே இடம் ஏது?

இன்றும் கல்யாணப் பத்திரிகையில், சுவரொட்டியில், "நாங்கள் ராஜ பரம்பரை" என்று போட்டுக்கொள்வோர் உண்டு. போட்டுக்கொள்ளட்டும். ஆனால் மத்தேயுவைப் போல முழுப் பட்டியலையும் போட வேண்டும். கூலி வேலை செய்த பாட்டியையும், தாத்தா ஏமாற்றிய பக்கத்து வீட்டுக்காரனையும் சேர்த்து! அதற்குத் துணிவில்லாதவர் பாதி வம்சத்தை மறைக்கிறவர்.

மரக்காணத்து மன்னன்

மரக்காணத்துக்கும் ஒரு மன்னன் உண்டு. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் ஆண்ட பட்டினம் அது. பாடியவர் பக்கத்து இடைக்கழி நாட்டைச் சேர்ந்த நத்தத்தனார். உப்பு வண்டிக்காரரின் பிள்ளைகளோடு குரங்கு விளையாடும் காட்சிகூட அதில் வருகிறது.

நல்லியக்கோடனை ஏன் பெரியவன் என்கிறார் புலவர்? பாரி முதலிய 7 வள்ளல்கள் சுமந்த கொடைப் பாரத்தைத் தனி ஒருவனாகச் சுமந்தானாம். அந்த எழுவருக்கும் அவனுக்கும் ரத்த உறவு வேண்டியிருக்கவில்லை.

சக்கரவர்த்தி கேட்ட கேள்வி

தாவீது வம்சத்தின் கதை ஏசுநாதரோடு முடியவில்லை. ரோமாபுரியை கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட தொமித்தியான், அந்த வம்சத்தாரைத் தீர்த்துக்கட்ட உத்தரவிட்டான் என்று யூசேபியஸ் என்ற பழைய சரித்திர ஆசிரியர் எழுதுகிறார். ஏசுநாதரின் சகோதரர் எனப்படும் யூதாவின் பேரன்மார் சிலரைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள்.

"நீங்கள் தாவீது வம்சமா?" என்று கேட்டான்.

"ஆமாம்" என்றார்கள்.

சொத்து எவ்வளவு என்று கேட்டான். சிறிது நிலம் இருக்கிறது, நாங்களே உழுது பயிரிட்டு வரி கட்டுகிறோம் என்றார்கள். சொன்னதோடு நிற்காமல் கைகளை நீட்டிக் காட்டினார்கள். உழைத்து உழைத்துக் காய்த்துப்போன கைகள்.

சக்கரவர்த்தி பார்த்தான். இவர்களாவது சிம்மாசனம் கேட்பதாவது என்று ஏளனமாக எண்ணி, அவர்களை விட்டுவிட்டான். அவர்கள் வயலுக்குத் திரும்பினார்கள்.