ஜெனீவா வேண்டாம், ஜமுனாமரத்தூர் போதும்

திருவள்ளுவர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கு,

மாதிரி ஐ.நா. சபையும் இளையோர் நாடாளுமன்றமும் கல்லூரிகளுக்குப் பழகிப்போனவை. இளையோர் நாடாளுமன்றப் போட்டி 1966லேயே தில்லிப் பள்ளிகளில் தொடங்கிவிட்டது. ஆனால் பல இடங்களில் கேள்வி, பதில் இரண்டையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். முடிவு தெரிந்த பேச்சில் யாரும் யாரையும் இணங்க வைக்கத் தேவையில்லை. கணீர்க் குரல் இருந்தால் கோப்பை வந்துவிடும்.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹரால்டு கெட்ஸ்கோ வகுத்த பயிற்சியில் வசனமே கிடையாது. மாணவர்கள் கற்பனை நாடுகளை ஆண்டார்கள். எடுத்த முடிவு அடுத்த சுற்றில் அவர்கள் தலையிலேயே விடிந்தது.

நமக்குக் கற்பனை நாடு எதற்கு? ஜவ்வாது மலையும் அதிலுள்ள ஜமுனாமரத்தூரும் இருக்கின்றன. சாமை விதைக்கும் நிலத்துக்கு, 2006 வன உரிமைச் சட்டப்படி ஒரு மலையாளி பழங்குடிக் குடும்பம் உரிமை கோருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2005 டிசம்பர் 13க்கு முன்பே நிலம் அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். பட்டா இல்லை. ஒரு கிணறும் பாட்டனைப் புதைத்த இடமும் உண்டு. ஊர்ப் பெரியவர் வாக்குமூலம் தரத் தயார். விதிகள் இவற்றையும் சான்றாக ஏற்கின்றன, இரண்டு வகை இருந்தால் போதும். வனச்சரகராக உட்காரும் மாணவர் அந்த விதிகளைப் படித்திருக்கிறாரா என்பதில் ஆட்டம் சூடுபிடிக்கும்.

ஒவ்வொருவருக்கும் ஒட்டிய உறை ஒன்று கொடுங்கள். சரகரின் உறையில் மேலிடத்து நெருக்கடி, எதுவரை விட்டுக்கொடுக்கலாம் என்ற எல்லை. கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவின் பெண் உறுப்பினருக்குத் தனிப்பட்டாவை விடக் கடுக்காயும் புளியும் சேகரிக்கும் பொது உரிமையே பெரிது. கோட்டாட்சியருக்கு மனுவின் கோப்பினை இந்த மாதமே முடித்தாக வேண்டும். கோரிக்கை மீது தீர்மானம் போடும் கிராம சபையில் பாதிப் பேராவது வராவிட்டால் கூட்டமே செல்லாது. எனவே ஆள் திரட்டுவதிலேயே பேரம் தொடங்கிவிடும். மனு தள்ளுபடியானால் 60 நாளுக்குள் மேல்முறையீடு.

மலை மாணவர் சரகராகட்டும். சமவெளி மாணவர் மனுதாரராகட்டும். தலையில் இறகு செருகி 'பழங்குடி வேடம்' கட்ட மட்டும் விடாதீர்கள். விட்டால் அது ஆண்டு விழாவாகிவிடும்.

வென்றவருக்கு மதிப்பெண் வேண்டாம். கடைசியில் உறைகளைப் பிரித்து எல்லாருடையதையும் எல்லாரும் படிக்கட்டும். எங்கே, ஏன் விட்டுக்கொடுத்தேன் என்று ஒவ்வொருவரும் எழுதும் இரண்டு பக்கத்துக்குத்தான் மதிப்பெண்.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இந்தப் பயிற்சியை உள்மதிப்பீடாகச் சேர்க்க வேண்டுகிறேன். நடுவர்களாக ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து வன உரிமைக் குழுவினரையே அழையுங்கள். பேராசிரியர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியமும் பயணப்படியும் அவர்களுக்கும் தாருங்கள்.

அன்புடன்,
ஓர் அரசியல் அறிவியல் ஆசிரியர்