மதினி வீட்டுப் பழைய பெட்டி

போன மாதம் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். போனது ஒரு கலியாணத்துக்கு. ஆனால் பாதி நேரம் கழிந்தது மதினி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முன்னால்! அந்த ஊருக்குப் போய்விட்டு மக்ரூன் வாங்காமல் திரும்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"ஏளா, பொட்டி செத்துப் போச்சுன்னு கடைக்காரன் சொல்லுதான். நீ பத்திரிகையில என்னென்னமோ எழுதுதியே, இதைக் கொஞ்சம் பாரேன்" என்றாள் மதினி. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மதினியின் மூத்த பிள்ளை கப்பலில் இன்ஜினியர். ஏறினால் இறங்க ஏழெட்டு மாதம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும் கப்பலிலிருந்து முகம் காட்டிப் பேசுவான். இவளுக்கோ கண்ணில் புரை. ஒரு கண்ணில்தான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. கைப்பேசியில் பிள்ளையின் முகம் புளியங்கொட்டை அளவுதான் தெரிகிறதாம். இளைத்திருக்கிறானா, தாடி வளர்த்திருக்கிறானா என்று பார்க்க அந்த மேஜைமேல் இருக்கும் பெரிய திரைதான் வேண்டும். ஆறு வாரமாக அதில் இன்டர்நெட் வரவில்லை. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிற்று, புதிதாக வாங்கினால் நாற்பதாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மதினி கையிலிருந்த வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

பெட்டியை முடுக்கினேன். விளக்கு எரிந்தது. விண்டோஸ் வந்தது. பேத்தியின் காதுகுத்துப் படமும் வந்தது. போர்டு போன பெட்டி இவ்வளவு சமர்த்தாகவா நடந்துகொள்ளும்?

"மதினி, ஆறு வாரத்துக்கு முன்னால் வீட்டில் என்ன மாறியது?" என்று கேட்டேன். பழைய டெலிபோன் கம்பியை எடுத்துவிட்டு, கண்ணாடி இழைக் கம்பியும் புதுப் பெட்டி ஒன்றும் வைத்துவிட்டுப் போனார்களாம். விஷயம் அங்கேதான் இருந்தது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரே டெலிபோனில் நம்பரைச் சுழற்றி, கீச்சுக் கீச்சென்று கத்தி இணைப்பு வாங்கும். 2005-இல் 'பிராட்பேண்ட்' வந்த பிறகும் பல வீடுகளில் பெயரும் ரகசியச் சொல்லும் தட்டிக் கம்ப்யூட்டர்தான் கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலையைச் சுவரில் இருக்கும் புதுப் பெட்டியே செய்துவிடுகிறது. ஆனால் மதினியின் திரையில் பழைய 'கனெக்ட்' படம் அப்படியே இருந்தது. அதை அமுக்கினால் 'எர்ரர் 651' என்று வரும். பதில் சொல்ல யாருமில்லாத இடத்துக்குக் குரல் கொடுத்தால் வேறென்ன வரும்? கடைக்காரர் அதைத்தான் பார்த்துவிட்டுப் போர்டின்மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

அந்தப் படத்தை அழித்தேன். அப்போதும் இன்டர்நெட் வரவில்லை.

அடுத்தது முகவரி. கலியாணப் பந்தியில் வாசலில் ஒருவர் நின்று, "நீங்கள் இங்கே, நீங்கள் அங்கே" என்று இலை காட்டுவார் அல்லவா? புதுப் பெட்டியும் அப்படித்தான், வருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து உட்கார வைக்கும். மதினியின் கம்ப்யூட்டரோ, "எனக்கு எப்போதும் மூன்றாவது இலைதான்" என்று அடம் பிடிக்கும் பெரிய மாமா மாதிரி! எப்போதோ மோடம் வைக்க வந்தவர் 192.168.1.10 என்று நிலையாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். புதுப் பெட்டியின் எண் 192.168.0.1. மண்டபமே வேறாகிவிட்டது, மாமா பழைய மண்டபத்தில் இலைக்குக் காத்திருக்கிறார்.

இதைச் சரி செய்வது ரசம் வைப்பதைவிடச் சுலபம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்குங்கள். சின்னக் கட்டம் வரும். அதில் என், சி, பி, ஏ, ஒரு புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளி விடாமல் தட்டி என்டரை அமுக்கினால் இணைப்புகள் வரிசையாகத் தெரியும். கம்பி வழி வருவது 'ஈதர்நெட்'. அதன்மேல் வலது பொத்தானை அமுக்கி 'பிராப்பர்ட்டீஸ்', பிறகு 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4'. அங்கே மேலேயும் கீழேயும் 'ஆட்டோமேட்டிகலி' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. மேலே உள்ளது முகவரிக்கு. கீழே உள்ளது டி.என்.எஸ்.ஸுக்கு, அதாவது பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிக் கொடுக்கும் டைரக்டரிக்கு. மாற்றுவதற்கு முன் பழைய எண்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகும் 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் இலை கிடைக்கவில்லை என்று அர்த்தம். கம்பி சரியாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். மதினி வீட்டில் உப்புக் காற்றில் கம்பியின் முனை பச்சை பிடித்திருந்தது. அதையும் துடைத்துச் செருகினேன்.

கம்பியில்லாமல் வைஃபையில் இணைப்பவர்களுக்கு ஒன்று: புதுப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் பேசும். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே காதில் விழும், 5 விழாது.

இணைப்பு வந்துவிட்டது. மதினி கைதட்டினாள். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று சிவப்பாக ஓர் அறிவிப்பு! மூலையில் தேதியைப் பார்த்தேன். 2012 ஜனவரி 1. வலைத்தளங்கள் காட்டும் அத்தாட்சிப் பத்திரத்துக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2012-இல் வாழும் கம்ப்யூட்டருக்கு இன்றைய பத்திரம் இன்னும் பிறக்கவே இல்லை. உள்ளே பொத்தான் மாதிரி ஒரு பாட்டரி, சி.ஆர். 2032 என்று பெயர், ஆயுசு முடிந்து கடிகாரத்தை நிறுத்தியிருந்தது. தேதியைத் திருத்தினேன். மறுநாள் மின்சாரத்தை அணைத்துவிட்டு, பக்கத்துத் தெருப் பையன் பாட்டரியை மாற்றினான். ஒரு டிபன் செலவுகூட ஆகவில்லை.

தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த கல்கிசைக்கும் நடுவே கடலுக்கடியில் ஒரு கம்பி போட்டார்களே, தெரியுமா? 2006-இல் போட்டது, நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். 1961 வரை இந்தக் கரையோரக் கடலில்தான் கயிற்றைப் பிடித்து மூழ்கிச் சிப்பி எடுத்தார்கள். கடலைத் தாண்டும் சேதி, மதினி வீட்டு மேஜைக்கு வந்ததும் பழைய எண் ஒன்றில் இடறி நின்றுவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் சகோதரிகளே, பழைய பெட்டி பழைய பெட்டிதான். மதினியுடையது விண்டோஸ் 10. அதற்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதைப் பொதுவாக 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே. பூட்டு துருப்பிடித்த வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம், நகையை வைக்கலாமா? பாங்குக் கணக்கை அதில் திறக்கவே கூடாது என்று மதினியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். லினக்ஸ் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது. பழைய பெட்டியிலும் ஓடும், திருத்தங்களும் வரும். தீபாவளி விடுமுறையில் போட்டுத் தருவதாகப் பையன் வாக்குக் கொடுத்திருக்கிறான். அதைப் போட்டால் உள்ளே இருப்பது அழிந்துபோகலாம் என்பதால், காதுகுத்துப் படங்களை முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்தச் சொல்லியிருக்கிறேன்.

மதினி எல்லாவற்றையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். இதுவரை அந்த விவரமெல்லாம் அண்ணனின் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்ததாம். சட்டை சலவைக்குப் போனபோது அதுவும் போயிற்று!

ஞாயிறு ராத்திரி எட்டரை மணிக்குத் திரையில் முகம் வந்தது. மதினி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிஷம் பேசாமலே பார்த்தாள்.

"என்னம்மா, சத்தம் கேக்கலியா?" என்றான் அவன்.

"கேக்குடா. நெத்தியில என்னடா அது தழும்பு?"

ஒரு மாதத்துக்கு முன்னால் இரும்புக் கதவில் இடித்துக்கொண்டானாம். கைப்பேசியில் தெரியாது என்று சொல்லாமல் விட்டிருக்கிறான்.