புதிய செவிலியர்கள் நிலைப்பார்களா? சயானிலிருந்து தில்லி வரை நீளும் கேள்வி

புதுதில்லி: நாடு முழுவதும் 157 புதிய செவிலியர் கல்லூரிகளைத் தொடங்க மத்திய அரசு 2023-ம் ஆண்டு முடிவெடுத்தது. ஆனால், ஏற்கெனவே பணியில் இருக்கும் செவிலியர்களின் மனக்குறை தீராத நிலையில், புதிதாக வருவோர் இத் தொழிலில் எத்தனை காலம் நிலைப்பார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2023-24 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த இத் திட்டத்துக்கு, அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ரூ. 1,570 கோடிக்கு ஒப்புதல் அளித்தது. கல்லூரி ஒன்றுக்கு ரூ. 10 கோடி வீதம் செலவிட்டால், ஆண்டுக்கு 15,700 பட்டதாரி செவிலியர்கள் கூடுதலாகக் கிடைப்பர் என்பது அரசின் கணக்கு. இதில் தமிழகத்தின் பங்கு 11 கல்லூரிகள். எத்தனை பேர் உள்ளே வருவர் என்பதைச் சொல்லும் இந்தக் கணக்கு, எத்தனை பேர் வெளியேறுவர் என்பதைச் சொல்லவில்லை.

சயான் காட்டும் நிலை: மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழர்கள் "சயான் ஆஸ்பத்திரி" என்றழைக்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சி பொது மருத்துவமனை, 1947-ல் ராணுவம் விட்டுச் சென்ற கட்டடங்களில் 50 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது. இன்று 1,400-க்கும் மேற்பட்ட படுக்கைகளுடன் மருத்துவக் கல்லூரியும் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் இணைந்த பெரிய நிறுவனமாக வளர்ந்துள்ளது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் தொடங்கப்பட்டதும் இங்குதான்.

தனியார் மருத்துவமனைக்குச் செல்ல வசதியற்ற தாராவித் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதுவே முதல் புகலிடம். மழைக்காலத்தில் மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல் பரவும்போது, மும்பை மாநகராட்சி மருத்துவமனைகளின் வார்டுகளில் படுக்கை போதாமல் தரையிலும் நோயாளிகள் படுத்திருப்பது வழக்கமான காட்சி. 2020 மே மாதம், இதே மருத்துவமனையில் கரோனா நோயாளிகளுக்கு அருகிலேயே சடலங்கள் கிடந்த விடியோ வெளியாகி நாட்டை அதிரச் செய்தது. அதைத் தொடர்ந்து மருத்துவமனை டீன் மாற்றப்பட்டார். அந்த நெருக்கடியிலும் வார்டில் நின்று பணியாற்றியவர்கள் செவிலியர்களே.

பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கு ஒருவர், விடுப்பை ஈடுகட்ட மேலும் 30 சதவீதம் பேர் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த நெறி. ஆனால் இந் நெறி பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

இதன் பாதிப்பு முதலில் விழுவது புதியவர்கள் மீதுதான். ஊசி போடவும் மருந்தின் அளவைக் கணக்கிடவும் கல்லூரி கற்றுத் தரும். நோயாளியின் நிலை மோசமாவதை முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வது, உறவினர்களின் கோபத்தைத் தணிப்பது, எப்போது மருத்துவரை எழுப்ப வேண்டும் என முடிவு செய்வது ஆகியவற்றை வார்டில் மூத்தவர் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். அந்த மூத்த செவிலியரோ பதிவேடுகள் எழுதுவதிலும், மருந்து, துணிகள் கேட்டுப் பெறுவதிலும் நேரத்தை இழக்கிறார். பல மாநிலங்களில் பதவி உயர்வுக்காக அவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது. அவரது சலிப்பே புதியவருக்கு முதல் பாடமாகிறது.

படிப்பில் கண்ட கனவுக்கும் பணியில் காணும் நிலைக்கும் உள்ள இந்த இடைவெளியை, அமெரிக்க ஆய்வாளர் மார்லின் கிராமர் 1974-லேயே "யதார்த்த அதிர்ச்சி" என்று குறிப்பிட்டார். செவிலியர்கள் தொழிலை விட்டு விலக அதுவே முக்கியக் காரணம் என்பது அவரது வாதம். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் லிண்டா ஐகன் குழுவினர் நடத்தி 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்களைத் தந்தது. ஒரு செவிலியர் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினாலும், அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியரின் பணி அதிருப்தி 15 சதவீதமும் அதிகரிப்பதாக அந்த ஆய்வு கண்டறிந்தது. எனவே செவிலியரின் மனக்குறை என்பது வெறும் ஊதியக் கோரிக்கை அல்ல. நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

பரேல் தந்த பாடம்: சயானுக்கு அருகிலுள்ள பரேலில், அதே மாநகராட்சி நடத்தும் கே.இ.எம். மருத்துவமனை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. 1973 நவம்பரில் அங்கு கொடூரத் தாக்குதலுக்கு உள்ளாகிச் செயலிழந்த செவிலியர் அருணா ஷான்பாக், 2015 மே 18-ல் இறக்கும் வரை, சுமார் 42 ஆண்டுகள் சக செவிலியர்களால் பராமரிக்கப்பட்டார். புதிதாக வரும் ஒவ்வோர் அணியினரிடமும், அவர் நம்மில் ஒருவர் என்று மூத்தவர்கள் அறிமுகப்படுத்தினர். அத்தனை ஆண்டுகளிலும் அவருக்குப் படுக்கைப் புண் வராதபடி காத்ததை உச்ச நீதிமன்றம் 2011 தீர்ப்பில் பாராட்டியது. சலிப்பு மட்டுமல்ல, தொழில் பெருமிதமும் மூத்தவரிடமிருந்தே இளையவருக்குச் செல்கிறது என்பதற்கு இது சான்று.

அதே சம்பவம் எழுப்பிய பாதுகாப்புக் கேள்வியோ இன்னும் தீரவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட சில நாள்களில், சயான் மருத்துவமனையிலும் இரவுப் பணியிலிருந்த பெண் மருத்துவர் தாக்கப்பட்டார். இரவு நேரத்தில் அதே வார்டுகளில் நிற்பவர்கள்தான் செவிலியர்களும்.

கைவிரிக்கும் மத்திய அரசு: தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியம் தொடர்பான வழக்கில், நிபுணர் குழு அமைக்குமாறு 2016 ஜனவரியில் மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனைகள் அரசு செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும்; 50 படுக்கைகளுக்குக் குறைவானவையும் மாதம் ரூ. 20 ஆயிரத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என அக் குழு பரிந்துரைத்தது. மத்திய அரசு அதை மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. 2018-ல் குறைந்தபட்ச ஊதியத்தை ரூ. 20 ஆயிரமாக கேரளம் அறிவித்தது. அதற்கும் செவிலியர் சங்கங்களின் தொடர் போராட்டம் தேவைப்பட்டது.

மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன என்பது மத்திய அரசின் வழக்கமான பதில். ஆனால் செவிலியர் கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த, 1947-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணைய மசோதாவை 2023 ஜூலை, ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது இந்தத் தடை குறுக்கே நிற்கவில்லை. கல்வித் தரத்தையும் நுழைவுத் தேர்வையும் பேசும் அச் சட்டம், வார்டில் எத்தனை பேர் நிற்க வேண்டும், அவர்களுக்கு என்ன ஊதியம் என்பதைப் பேசவில்லை.

மாநிலங்களும் விலக்கல்ல: மகாராஷ்டிரத்தில் செவிலியர் நியமனத்தைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கும் முயற்சியை எதிர்த்து, 2022 மே மாதம் மாநில அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழகத்தில் தேர்வு எழுதித் தகுதி பெற்றும் மாதம் ரூ. 7,700 தொகுப்பூதியத்தில் பணியாற்றிய ஒப்பந்தச் செவிலியர்கள், 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினர். ஒரே வார்டில், ஒரே பணியைச் செய்யும் இருவருக்கு இரு வேறு ஊதியம் என்றால், இளையவர் வளைகுடா நாடுகளுக்கோ பிரிட்டனுக்கோ விண்ணப்பிப்பதில் வியப்பில்லை. அரசு நிறுவனங்களே அவர்களை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பியும் வைக்கின்றன.

என்ன செய்யலாம்?: அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், ஒரு செவிலியர் எத்தனை நோயாளிகளைக் கவனிக்கலாம் என்ற வரம்பை 1999-ல் சட்டமாக்கி, 2004-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் முதல் கட்டமாக, மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகளிலாவது செவிலியர் விகிதத்தைக் கட்டாயமாக்கலாம். முதல் ஓராண்டில் புதியவரைத் தனியே இரவுப் பணியில் விடாமல் மூத்தவரின் பொறுப்பில் வைக்கலாம். அந்த மூத்தவருக்கு அதற்கான நேரத்தையும் படியையும் தரலாம்.

நாடாளுமன்றத்தில் செவிலியர் கல்லூரிகளின் எண்ணிக்கை குறித்துக் கேள்வி கேட்கும் உறுப்பினர்கள், பணியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது ஆண்டிலும் அதே மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். தாராவியிலிருந்து நள்ளிரவில் சயானுக்குத் தூக்கி வரப்படும் நோயாளிக்குப் பயன்படப்போவது அந்த இரண்டாவது எண்ணிக்கைதான்.