ஒயரை நாமே மாட்டுவோம்!



555 ஐ.சி.யை வைத்து ஆஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர் செய்தோமே, நினைவிருக்கிறதா? சி.ஆர்.ஓ. திரையில் சதுர அலை வந்தது. வரைபடம் போட்டோம், அதிர்வெண் கணக்கிட்டோம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். அந்த அலையைக் காதால் கேட்டவர் எத்தனை பேர்? நான் கேட்டதில்லை. பிறகு ஹாஸ்டலில் ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் கேட்டேன், வி.சி.வி. ரேக் என்ற இலவச மென்பொருளில்.

"என்னடா இது, திரை பூரா ஒயரா தொங்குது?" என்றான் அறை நண்பன். அதுதான் மாடுலர் சிந்தசைசர். 1960-களில் அமெரிக்காவில் ராபர்ட் மூக்கும் டான் புக்லாவும் தனித்தனியே உருவாக்கிய கருவியின் கணினி வடிவம். ஆசிலேட்டர் ஒரு பெட்டி, ஃபில்டர் ஒரு பெட்டி, ஆம்ப்ளிஃபையர் ஒரு பெட்டி. எதை எதோடு இணைப்பது என்பது நம் இஷ்டம். மூக் முறையில் ஒரு வோல்ட் கூட்டினால் அதிர்வெண் இரண்டு மடங்கு, அதாவது ஒரு ஸ்தாயி மேலே. பாடத்தில் வரும் வோல்டேஜ் கன்ட்ரோல்டு ஆசிலேட்டர் இதுதாங்க!

என் கருத்து இதுதான். எல்.எம்.எம்.எஸ். போன்ற திறந்த மூல இசை மென்பொருளுக்குள்ளேயே இந்த ஒயர் வசதி வரவேண்டும். அதில் இன்றும் ஒரு எல்.எஃப்.ஓ.வை ஏதாவது ஒரு குமிழோடு இணைக்கலாம். ஆனால் அந்த இணைப்பு ஏதோ ஒரு மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத சர்க்யூட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

"அதான் ரேக் இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதன் இலவசப் பதிப்பு தனியாகத்தான் ஓடும்; வேறு இசை மென்பொருளுக்குள் செருகும் பதிப்புக்குக் காசு. கார்டினல் என்று இலவசச் செருகி ஒன்றும் உண்டு. அதைத் தேடி நிறுவத் தெரிந்தவனுக்குக் கவலையில்லை. புதிதாக வருகிறவனுக்கு? உள்ளேயே இருந்தால் பாட்டும் ஒயரிங்கும் ஒரே ஃபைலில் இருக்கும். நண்பனுக்குக் கொடுத்தால் அவனிடமும் அப்படியே திறக்கும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. இசை மென்பொருள் ஒலியைக் கட்டுக் கட்டாகக் கணக்கிடுகிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள், கட்டுக்கு 256 என்றால் ஒரு கட்டு சுமார் 5.8 மில்லி விநாடி. வெளியீட்டைத் திருப்பி உள்ளீட்டில் மாட்டினால் (நம்ம ஃபீட்பேக்தான்!) அந்தத் தாமதமே 172 ஹெர்ட்ஸில் ரீங்காரமிடத் தொடங்கிவிடும். ரேக்கில் ஒவ்வொரு மாதிரியாகக் கணக்கிடுவதால் ஒரு ஒயருக்கு ஒரு மாதிரி நேரம்தான் தாமதம். ஆனால் பிராசஸருக்கு வேலை அதிகம். என் கம்ப்யூட்டர் பத்துப் பெட்டியைத் தாண்டினால் திணறுகிறது. ஆகவே ஒயர் பலகையை ஒரு தனி வாத்தியமாக வைத்து, அதற்குள் மட்டும் மாதிரி மாதிரியாகக் கணக்கிட்டால் போதும். முதலில் ஐந்தே பெட்டிகள் வரட்டும்.

"யார் எழுதுவது?" நியாயமான கேள்வி. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்; அவர்களை அதிகாரம் செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் ரேக்கின் மூலநிரல் ஜி.பி.எல். உரிமத்தில் திறந்தே கிடக்கிறது. படித்துப் பார்க்க யார் தடுத்தார்கள்? சி++ கொஞ்சம் தெரிந்தவர் ஒரு பெட்டி எழுதலாம். தெரியாதவர் பிழைகளைச் சொல்லலாம், தமிழில் கையேடு எழுதலாம்.

ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். போன வருஷம் மினி புராஜெக்டைக் கடையில் ரெடிமேடாக வாங்கினேன். வைவாவில் "இந்த கெபாசிட்டர் எதுக்குப்பா?" என்று கேட்டார்கள். நான் விழித்த விழி எனக்குத்தான் தெரியும்! பட்டனைத் தட்டியதும் வரும் ரெடிமேட் சத்தமும் அந்தப் புராஜெக்ட் போலத்தான். வேலை செய்யும், ஏன் செய்கிறது என்று நமக்குத் தெரியாது.

டிப்ளமோ முடித்து வெளியே போகிற நாம் பட்டன் தட்டுகிறவர்களா, ஒயர் மாட்டுகிறவர்களா? சிந்திப்போம் நண்பர்களே!

– மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை